ஆமென் சொன்னால் சாப்பிடுவான்

நேமம்,
திருவனந்தபுரம்,
11.7.1999

அன்பு மகள் நீதுவுக்கு அப்பா எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். கைசரும் சுகம். அவன் சுகமாக இருப்பதுதான் இப்போது எல்லாருக்கும் சங்கடம் என்று கேள்விப்பட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஷார்ஜாவிலிருந்து போன் செய்தபோது வழக்கம்போல உன் அம்மாதான் பேசினாள். நான் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். ரிசீவர் என் கைக்கு வந்தபோது உள்ளே கொய்யென்ற சத்தம் மட்டும்தான் மிச்சமிருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். நீ பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்த பிள்ளை. சண்டே ஸ்கூல் தமிழை வைத்து எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று எழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன். மாப்பிள்ளை ஷைஜுவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அது கர்த்தர் எனக்குச் செய்த உபகாரம்.

தலைப்பிரசவத்துக்கு நீ செப்டம்பரில் இங்கே வருகிறாய் என்று கேட்டதும் உன் அம்மா செய்த அமர்க்களத்தைச் சொல்லி முடியாது. அடுத்த வீட்டுக்கு ஓடினாள், எதிர் வீட்டுக்கு ஓடினாள், மீன்காரியை நிறுத்தி வைத்துச் சொன்னாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு மகள் வருகிறாள் என்றால் சும்மாவா? நானும் சந்தோஷப்பட்டேன். எனக்கு ஓடத் தெரியாது, அவ்வளவுதான்.

மத்தியானம் சாப்பிட்டு எழுந்து கை கழுவும்போதுதான் பாக்கியைச் சொன்னாள். உன் அம்மா கசப்பு மருந்தை எப்போதும் சாப்பாட்டுக்குப் பிறகுதான் தருவாள். நீ வரவேண்டுமானால் அதற்கு முன்னால் கைசர் இந்த வீட்டை விட்டுப் போயிருக்க வேண்டுமாம். பின்பக்கம் கட்டிப்போடுவது கூட ஆகாதாம். கொட்டாரக்கரையில் உன் மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். நாய்முடி பட்டால் பச்சைப்பிள்ளைக்கு மூச்சுமுட்டல் வருமாம். ஷைஜுவுக்குச் சின்ன வயதில் அப்படித்தான் வந்ததாம், அதற்கு வீட்டிலிருந்த பூனைதான் காரணமாம். பூனை செய்த குற்றத்துக்கு நாய்க்குத் தண்டனை. நல்ல நியாயம்.

நான் முதலில் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். உன் அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவளும் சூடாகிவிட்டாள். பிள்ளை வரட்டு, நாயி எங்கயாவது ஜீவிச்சுக்கிடும், நீங்க உங்க வாசியை விடுங்க என்றாள். எனக்கு வாசியாம், பிடிவாதமாம்.

நீது, உனக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். தொண்ணூற்றிரண்டு ஜூன் மாதம். நான் வித்துரா ட்ரிப் முடித்து தம்பானூரில் பஸ்ஸை நிறுத்தி இறங்குகிறேன். நீ காலேஜில் பிரீடிகிரி முதல் வருஷம். கொட்டுகிற மழையில் குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு நனைந்தபடி நிற்கிறாய். மடக்கிய குடைக்குள் அவன் இருந்தான், என் கையளவுகூட இல்லை. எடுத்த இடத்தில் விட்டுவிட்டு வா என்றேன். நீ பஸ் ஸ்டாண்டில், என்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லாரும் பார்க்க, ஏங்கி ஏங்கி அழுதாய். அப்பா, இவனை நான் பார்த்துக்கிடுவேன், உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது என்றாய். கண்டக்டர்கள் எல்லாம் உன் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். நான் மானத்துக்கு அஞ்சித்தான் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நாயை நான் கேட்கவில்லை.

நான்கு வருஷம் நீ பார்த்துக்கொண்டாய். இல்லை என்று சொல்ல மாட்டேன். கல்யாணமாகிப் போனபின் மூன்று வருஷமாக அவன் என் நாய். காலையில் பால் வாங்க, சாயங்காலம் ஜங்ஷனுக்கு, எல்லாம் என்னோடுதான். என் காக்கிச் சட்டை ஒன்றை உன் அம்மா தரை துடைக்க எடுத்தாள். அவன் அதன்மேல் படுத்துக்கொண்டு விடவே இல்லை. இப்போது அது அவன் சட்டை.

நீ கற்றுக்கொடுத்த ஒழுங்கையும் அவன் விடவில்லை. சாயங்கால ஜெபம் முடியும்முன் குட்டி சட்டியில் வாய் வைக்கப் போகும், நீ அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பாய், ஆமென் சொன்ன பிறகுதான் கையை எடுப்பாய். இன்றைக்கும் ஆமென் காதில் விழாமல் ஒரு பருக்கை தொட மாட்டான். மீன்தலையே கிடந்தாலும் எச்சில் ஒழுக உட்கார்ந்திருப்பான். மத்தியானம் உன் அம்மா அவசரத்தில் சோற்றை வைத்துவிட்டுப் போனால் சமையலறை வாசலில் வந்து நிற்பான். அவள் அடுப்படியிலிருந்தே ஆமென் என்று கத்துவாள். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். முப்பது வருஷம் சர்க்கார் பஸ் ஓட்டிய நான் ஜெபத்துக்கு வீட்டிலிருந்த சாயங்காலங்கள் குறைவு. ரிட்டயர் ஆனபின் ஒழுங்காக உட்கார்கிறேன் என்றால் அதற்கு அவனும் ஒரு காரணம்.

சரி, அப்பா அழுது வடிகிறார் என்று நினைக்காதே. ஒரே ஒரு தடவை உன் மாமியாரிடம் கேட்டுப் பார். கிணற்றடிக்குப் பின்னால் கூடு கட்டி அடைத்து வைக்கிறேன். பிள்ளை பக்கம் வர மாட்டான், அதற்கு நான் ஜாமீன். அப்படியும் ஆகாது என்றால் எழுது. வேறு வழி பார்க்கிறேன். நீ வரவேண்டும். அதற்கு மேலே எனக்கு ஒன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். ஏ.சி.யை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு தூங்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
தங்கையன்


நேமம்,
22.8.1999

அன்பு மகள் நீதுவுக்கு,

உன் கடிதம் வரும் என்று பார்த்தேன். போன்தான் வந்தது. அதிலும் என்னிடம் நீ சொன்னது இரண்டு வார்த்தை: அப்பா, ப்ளீஸ். சரி, புரிந்துகொண்டேன். நீ கேட்டபடி செய்தாகிவிட்டது. கைசர் இப்போது இந்த வீட்டில் இல்லை. எப்படி என்று விவரமாக எழுதுகிறேன். எழுத்துக்கூட்டியாவது முழுவதையும் வாசி.

முதலில் நம் சபைச் செயலாளர் சத்தியநேசனிடம் போனேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து முடித்ததும், நல்ல நாய் ஒன்று இருக்கிறது, அன்புள்ளவர்கள் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு வரி அறிவிக்கச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அண்ணே, வாசிக்கது போதகராக்கும், நாய் பேரை நான் எப்படி எழுதிக் கொடுக்க என்றார். வெள்ளாட்டையும் கோழியையும் ஏலம்போடுகிற சபையில் நாய்க்கு மட்டும் தீட்டு.

பிறகு விழிஞ்ஞத்தில் ஐஸ் கம்பெனி வைத்திருக்கிற ஒருவர் கேட்டதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். ஐஸ் உடைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பி, அதில் இரண்டடிச் சங்கிலி, கீழே எப்போதும் உப்புத்தண்ணீர். முன்பிருந்த நாய் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அது சத்துபோயி என்று மலையாளத்தில் ஏதோ மழை பெய்தது போலச் சொன்னார். செத்துப்போனதாம். நான் அவர் கொடுத்த நாரங்கா வெள்ளத்தை, எலுமிச்சைச் சாற்றைக்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டேன். அப்புறம் புது ஃபிளாட்டிலிருந்து ஒரு பாங்க் ஆபீசரும் மனைவியும் வந்தார்கள். நல்ல மனுஷர்கள். என்ன ஜாதி, சர்ட்டிபிகேட் இருக்கிறதா என்று கேட்டார்கள். குடையில் வந்த ஜாதி என்றேன். போய்விட்டார்கள்.

கடைசியில் எனக்கு இசக்கிப்பாண்டி ஞாபகம் வந்தது. நீ பார்த்திருக்கிறாய். வித்துரா மார்க்கெட் முனையில் டீக்கடை. பதினொரு வருஷம் நான் அந்த ரூட்டில் ஓடியபோது வண்டி நிற்பதற்குள் டிரைவர் ஜன்னலுக்கு டீ வந்துவிடும். பூர்வீகம் திருநெல்வேலி, போனக்காடு எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவன். கடைக்குப் பின்னால் மரச்சீனிக் கிழங்கு போட்டிருக்கிறான், காட்டுப்பன்றித் தொல்லை. விஷயத்தைச் சொன்னதும், கொண்டாங்க அண்ணாச்சி, எம் புள்ளை மாதிரி வச்சுக்கிடுதேன் என்றான். அவன் வாக்கை நம்பலாம்.

ஆகஸ்ட் பதினொன்று, புதன்கிழமை கொண்டுபோனேன். பஸ்ஸில் நாயை ஏற்றக் கூடாது. ஆனால் அன்றைக்கு டிரைவர் என்னிடம் வேலை பழகிய பயல். சாரே, கேறிக்கோ என்று சொல்லித் தன் சீட்டுக்குப் பின்னால் இடம் காட்டினான். கைசருக்கு டீசல் மணம் பிடித்துப்போனது. எஞ்சின் பெட்டியை முகர்ந்து பார்த்து, என் காலை முகர்ந்து பார்த்து, வாலை ஆட்டிக்கொண்டே வந்தான். நெடுமங்காடு தாண்டியதும் ஜன்னலில் தலையை வைத்துக்கொண்டு காற்று வாங்கினான். எங்கேயோ உல்லாசப் பயணம் போகிறோம் என்று நினைத்துவிட்டான். நான் வித்துரா வரும்வரை அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

இசக்கிப்பாண்டியிடம் எல்லாம் சொன்னேன். காரம் ஆகாது. இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் விடவேண்டும். வலது காதில் புண் வரும், வேப்பெண்ணெய் போடவேண்டும். இருட்டும்முன் ஒரு தடவை அவிழ்த்துவிட வேண்டும். காக்கிச் சட்டையையும் கொடுத்தேன். அத்தனையும் சொன்ன நான் ஒன்றைச் சொல்லவில்லை. மறந்தேன் என்றும் சொல்ல முடியாது. அது சொல்லவேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. சோறு வைத்தால் ஆமென் சொல்வது நம் வீட்டில் மூச்சு விடுவது மாதிரி. மூச்சு விடு என்று யாராவது யாருக்காவது சொல்லிவிட்டு வருவார்களா?

ஐந்தாம் நாள் திங்கட்கிழமை மத்தியானம் இசக்கிப்பாண்டி பூத்திலிருந்து போன் செய்தான். என்னத்தச் சொல்ல அண்ணாச்சி, சட்டியப் பார்க்கான், எம் மூஞ்சியப் பார்க்கான், வாய மட்டும் வைக்க மாட்டேங்கான், முட்டை வச்சுப் பார்த்தாச்சு, கறி வச்சுப் பார்த்தாச்சு, வெறும் தண்ணியிலதான் கெடக்கான் என்றான். ஏக்கம்தான், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நான் பெரிய டாக்டர் மாதிரி சொல்லி வைத்துவிட்டேன். உன் அம்மா அன்றைக்குத்தான் முதல் தடவையாக அழுதாள்.

அன்று சாயங்காலம் ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். உன் அம்மா உனக்காக, பிள்ளைக்காக, உன் பிரயாணத்துக்காக நீளமாக ஜெபித்தாள். ஆமென் என்று முடித்தோம். முடித்ததும் இரண்டு பேருக்கும் கண் வராந்தா மூலைக்குப் போயிற்று. சட்டி இருந்த இடம் காலியாக இருந்தது. உன் அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். எய்யோ, அதை நாம சொல்லல்லியே என்றாள். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற புத்திசாலி நான், முப்பது வருஷம் ஒரு விபத்து இல்லாமல் வண்டி ஓட்டியவன், ஒரு வாயில்லா ஜீவனை ஐந்து நாள் பட்டினி போட்டுவிட்டேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். கடைக்குப் பின்னால் சட்டைமேல் படுத்திருந்தான். விலா எலும்பை எண்ணலாம். என்னைக் கண்டு வாலைத் தரையில் தட்டினானே தவிர எழுந்திருக்கவில்லை. முன்னால் சட்டியில் சோறும் ஆட்டுக்கறியும் எறும்பு மொய்த்துக் கிடந்தது. சோற்றை மாற்றி வைக்கச் சொன்னேன். குனிந்து சட்டியை அவன் முன்னால் தள்ளினேன். இரண்டாவது தடவைதான் ஆமென் சரியாக வந்தது. அவன் எழுந்தான். கால் நடுங்க நடுங்கத் தின்றான். தின்றதைக் கக்கினான். கக்கியபின் மறுபடி என் முகத்தைப் பார்த்தான். மறுபடி சொன்னேன். டீ குடிக்க வந்தவர்கள் கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தார்கள்.

பிறகு இசக்கிப்பாண்டிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதாயிற்று. நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு நிற்கிறவன். சாமிக்குத்தம் ஆயிராதே அண்ணாச்சி என்று தயங்கினான். நாய் உன்னை ஞானஸ்நானத்துக்குக் கூப்பிடவில்லை, சொல் என்றேன். சொன்னான். கைசர் என்னைப் பார்த்தான். மூன்று தடவையும் அப்படித்தான். நான் இருக்கும்வரை நடக்காது என்று தெரிந்து, விறகுக் கட்டுக்குப் பின்னால் போய் மறைந்து நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் ஆமென் என்று சொல்வதும், கைசர் சட்டியை நக்கும் சத்தமும் கேட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இசக்கிப்பாண்டியை ஓங்கி ஒரு அறை விடவேண்டும் போலவும் இருந்தது. உள்ளதை எழுதுகிறேன். சொல்லாமல் பின்வழியே பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

இனி நம் வீட்டு விஷயம். வராந்தாவை மூன்று தடவை பினாயில் போட்டுக் கழுவியாயிற்று. உன் அறைக்கு வெள்ளை அடித்தோம். ராத்திரி நீ முற்றத்தில் இறங்கி நடக்க வேண்டாமே என்று அறையோடு சேர்த்து ஒரு குளிமுறி கட்டுகிறோம், குளிக்கவும் கக்கூசுக்கும் அதுவே. மேஸ்திரி ஓணத்துக்குப் போய்விட்டு வந்து டைல் ஒட்டுவார். உன் மாமியார் எந்த நாளும் வந்து பார்க்கலாம், ஒரு முடி கிடைக்காது. செப்டம்பர் பதினாறு ஏர்போர்ட்டுக்குக் கார் சொல்லிவிட்டேன். உன் அம்மா நார்த்தங்காய் போட்டிருக்கிறாள். நீ வந்து சேர்.

உன் அப்பா
தங்கையன்


நேமம்,
10.10.1999

நீதுவுக்கு,

சுகம். நீயும் சுகம் என்று உன் அம்மா சொன்னாள்.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி நீ போன் செய்து, டாக்டர் பிரயாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், பிரசவம் ஷார்ஜாவில்தான், ஷைஜுவின் அம்மா உதவிக்கு வருகிறார் என்று சொன்னாய் அல்லவா? டாக்டர் சொன்னால் கேட்கத்தான் வேண்டும், பிள்ளை நல்லபடியாக இருந்தால் போதும் என்று உன் அம்மாவுக்கு ஆறுதல் சொன்னதே நான்தான். காரை வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். குளிமுறி டைல் பாதியில் நிற்கிறது.

போன செவ்வாய்க்கிழமை உன் மாமியார் இங்கே வந்தார். உனக்குத் தெரியுமோ தெரியாதோ. விமானம் ஏறுவதற்கு முன் சம்பந்தி வீட்டில் சொல்லிக்கொண்டு போகவேண்டும் என்று கொட்டாரக்கரையிலிருந்து சீக்கிரமே புறப்பட்டு வந்திருக்கிறார். மரியாதை தெரிந்தவர். நான்தான் அவரைப் பற்றி என்னென்னவோ நினைத்திருந்தேன், கர்த்தர் என்னை மன்னிக்கட்டும். உன் அம்மா கொடுத்து அனுப்பிய நார்த்தங்காயையும் சின்னத் துணிகளையும் சலிக்காமல் பெட்டியில் இடம் பண்ணி வைத்துக்கொண்டார்.

காப்பி குடித்துவிட்டு வராந்தாவில் நின்று சுற்றும் முற்றும் பார்த்தார். பட்டி எவிடே என்று கேட்டார். நாய் எங்கே என்று. நீது எப்போதும் சொல்வாளே, ஜெபம் முடிந்தால்தான் சாப்பிடுவானாமே, அவனை ஒரு தடவை பார்க்கவேண்டும் என்று நினைத்திருந்தேன் என்றார். உன் அம்மா என்னைப் பார்த்தாள். பிள்ளைக்கு ஆகாது என்று வேறு இடத்தில் விட்டுவிட்டோம் என்று நான் சொன்னேன். அய்யோ, எந்தினு, எதற்கு என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அவர் வீட்டில் இரண்டு நாய் இருக்கிறதாம். ஷைஜு நாய்களோடு உருண்டு புரண்டு வளர்ந்தவனாம். மூச்சுமுட்டலும் கிடையாது, பூனையும் கிடையாது.

இன்னொன்றையும் அவராகவே சொன்னார். அவர் ஷார்ஜா போகிற விசாவுக்கு ஜூலை முதல் வாரமே பேப்பர் கொடுத்தாகிவிட்டதாம். நீ கைசரை அனுப்பச் சொல்லிப் போன் செய்தாயே, அதே வாரம்.

அவர் போனபின் உன் அம்மா காப்பி டம்ளர்களைக் கழுவப் போய்விட்டாள். அவளுக்கு இன்னும் முழுவதும் புரிந்ததாகத் தெரியவில்லை, அல்லது புரிந்தும் புரியாத மாதிரி இருக்கிறாள். எனக்குப் புரிந்துவிட்டது, நீது. நான் மாட்டேன் என்பேன் என்று நினைத்தாய். அப்பா பிடிவாதக்காரர், நாயை விடமாட்டார், அப்படியானால் நான் எப்படி வருவேன் என்று சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டாய். பழி என்மேலும் கைசர்மேலும் போய்விடும். நான் சரி என்று சொல்வேன் என்று நீ எதிர்பார்க்கவே இல்லை. சொன்னபிறகு உனக்கு நிறுத்தவும் தெரியவில்லை.

ஏன் வர மனமில்லை என்று நான் கேட்க மாட்டேன். குளிமுறி முற்றத்தில் இருப்பதாலா, அம்மாவுடைய பேச்சா, என் கோபமா, ஏதோ ஒன்று. வர மனமில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எனக்குக் கோபம் வந்திருக்கும். ஒரு மாதம் உன்னோடு பேசாமல் இருந்திருப்பேன். கைசர் இங்கே இருந்திருப்பான்.

நேற்று அவனைக் கூட்டிவர வித்துராவுக்குப் போனேன். போங்க, போய்க் கொண்டாங்க, இனி யாருக்கு வேண்டி நாம பயப்படணும் என்று உன் அம்மாதான் அனுப்பினாள். அயிலை மீன் பொரித்து இலையில் கட்டித் தந்தாள். சங்கிலியைத் துடைத்துப் பையில் வைத்தாள். அவனுடைய சட்டியைக் கழுவி மூலையில் கவிழ்த்து வைத்தாள்.

கைசர் கடைவாசலில் அவிழ்ந்தே கிடந்தான். நன்றாகத் தேறியிருக்கிறான். நான் பஸ் படி இறங்கும்போதே என் மணம் போயிருக்கும். ஓடிவந்து மேலே விழுந்து, கத்தி, சுற்றிச் சுற்றி வந்து, சந்தோஷத்தில் என் வேஷ்டியிலேயே மூத்திரம் பெய்துவிட்டான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கடை பெஞ்சு ஓரத்தில் இலையை விரித்து மீனை வைத்தேன். அவன் உட்கார்ந்தான். எச்சில் ஒழுகியது. நான் ஆமென் என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு திரும்பி இசக்கிப்பாண்டியைப் பார்த்தான்.

நான் இன்னொரு தடவை சொன்னேன். அவன் வாலை ஆட்டினான், ஆனால் முகத்தை அங்கிருந்து எடுக்கவில்லை. இசக்கிப்பாண்டி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு என்னைவிடச் சங்கடம். தின்னுதானா பாருங்க அண்ணாச்சி, வேற நெனப்புல இருக்கான் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தான். மீனில் ஈ உட்கார்ந்தது. கடைசியில் அவன் கிளாஸைக் கழுவுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பி நின்று மெதுவாக ஆமென் என்றான். கைசர் மீனைத் தின்றான்.

கேட்க வந்ததை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இசக்கிப்பாண்டி கொடுத்திருப்பான், கைசரும் என்னோடு வந்திருப்பான். வந்து என்ன? இன்னும் ஐந்து நாள் பட்டினி கிடந்து மறுபடி என் குரலைப் பழகவேண்டும். ஒரு ஜென்மத்துக்கு ஒரு தடவை போதும் அந்தப் பாடு. விறகுக் கட்டுக்குப் பின்னால் ஒளிந்து நின்று அவனை மாற்றிவிட்டதே நான்தானே. சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்று சொல்லி ஒரு டீ குடித்தேன். கைசர் ரோடு வரைக்கும் வந்தான். பஸ் புறப்பட்டதும் கடைக்குத் திரும்பிப் போனான்.

வீட்டுக்கு வந்தபோது உன் அம்மா என் கையைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே அவன் நன்றாக இருக்கிறான் என்று மட்டும் சொன்னேன். அவள் பையைத் திறந்து சங்கிலியை எடுத்துப் பழைய ஆணியில் மாட்டினாள். சாயங்காலம் ஜெபம் பண்ணினாள். வழக்கம்போல உனக்காகத்தான்.

இந்தக் கடிதத்தை ஷைஜுவுக்கு மலையாளத்தில் சொல்லிக்காட்ட வேண்டாம். அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பிள்ளை பிறந்ததும் போன் செய். அம்மாவிடம் அவசரப்படாமல் பேசு, அவளிடம் உண்மையாகப் பேசு. நான் பக்கத்தில்தான் நிற்பேன். ரிசீவரை எனக்கும் தரச் சொல்.

எப்போதாவது வர மனம் வந்தால் வா. அதைச் செய்யுங்கள், இதை மாற்றுங்கள் என்று முன்னால் சொல்லி அனுப்பாதே, நேராக வந்து வாசலில் நில். இனி இந்த வீட்டிலிருந்து அப்புறப்படுத்த நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் பாக்கி.

உனக்கு வேதனையில்லாத பிரசவமும், சுகமுள்ள பிள்ளையும், அந்தப் பிள்ளை உன்னிடம் ஒருபோதும் பொய் சொல்லாத வாழ்வும் கர்த்தர் தரட்டும். மனதார ஆசீர்வதிக்கிறேன். இதற்கு ஆமென் சொல்ல எனக்கு இன்றைக்கு வாய் வரவில்லை. நீயே சொல்லிக்கொள்.

உன் அப்பா
தங்கையன்